சரிபார்த்தவர்: கமலாம்பாள், நாலு ஏக்கர்

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு தஹ்மீனா அந்தப் பட்டனை அமுக்கினாள். அமுக்கிவிட்டு நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். வயது இருபத்தொன்பது, மெக்கானிக்கல் இன்ஜினியர், அந்தக் கம்பெனியின் டிசைன் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். சுற்றினால் ஏன் என்று கேட்க ஆளில்லை. மூன்று மாதமாகச் சோறு தண்ணி பார்க்காமல் செய்த வேலை அந்த ஒரு அமுக்கலோடு முடிந்தது என்று நினைத்தாள். பாவம், அது ஆரம்பித்ததே அப்போதுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூதலூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது சிங்காரவேலுவின் பட்டறை. பட்டறை என்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடும், ஃபேக்டரி என்று சொல்ல வேண்டும். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். வெகுகாலமாக டிராக்டர் டிரெய்லர், நாலு வருஷமாக நடவு மெஷின். அந்த நடவு மெஷின் தஹ்மீனா வரைந்தது. டெல்டாச் சேற்றுக்கென்றே வரைந்தது. வெளியூர் மெஷின்களை இங்கே இறக்கினால் பாதி வயலில் எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். இது படுக்காது.

இதைக் கேள்விப்பட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. இந்த மெஷினை நாங்களே இருநூறு செய்து விற்கிறோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. மெஷினின் இருநூற்றுப் பதினோரு பாகங்களும் பி.எல்.எம். என்கிற ஏற்பாட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒப்புதல் வாங்கிப் பச்சையாக நிற்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய ஆள் வீடியோவில் வந்து பார்ப்பார். பச்சை இல்லாவிட்டால் புனேவில் வேறொரு மெஷின் தயாராக இருக்கிறது.

சிங்காரவேலுவும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இது போச்சுன்னா நடவு மெஷின மூடிடுவோம்மா. பழையபடி டிரெய்லர் பாடி போதும். அதுல வரையிறதுக்கு என்ன இருக்கு, நாலு சக்கரம், ஒரு பொட்டி."

நாலு சக்கரமும் ஒரு பெட்டியும் என்றால் அங்கே தஹ்மீனாவுக்கு என்ன வேலை? வேலையைக்கூட விடுங்கள், வேறு கிடைக்கும். அந்த மெஷின் போய்விடும். நாலு வருஷம் முழங்கால் சேற்றில் நின்று வளர்த்த மெஷின். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பி.எல்.எம். என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு பாகம் பிறந்ததிலிருந்து காயலான் கடைக்குப் போகும் வரை அதன் ஜாதகத்தை எழுதி வைத்துக்கொள்கிற சாஃப்ட்வேர், அவ்வளவுதான். யார் வரைந்தது, யார் சரி என்றது, எந்தத் தேதியில் எதை மாற்றியது, எல்லாம் அதில் விழும். தஹ்மீனா வரைவதோ வேறொரு சாஃப்ட்வேரில். இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டும். இந்தப் பக்கம் படத்தில் 'எடை' என்று இருப்பது அந்தப் பக்கம் எந்தக் கட்டத்தில் போய் உட்கார வேண்டும், 'இரும்பு வகை' எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கோடு இழுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'பொருத்துக' என்று ஒரு கேள்வி வருமே, அதுவேதான். சென்னையிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் சிங்காரவேலு. நானே போடுகிறேன் என்று வீம்பு பிடித்தவள் இவள்.

அப்படி இழுத்த கோடுகளில் ஒன்றுதான் காலை வாரியது. படத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஓர் இடம் உண்டு. ஊரில் உள்ள கம்பெனிகளில் எல்லாம் அங்கே இன்னொரு இன்ஜினியரின் பெயர் இருக்கும். சிங்காரவேலுவின் கம்பெனியில் இருக்காது. "சரிபாக்குறவன் ஏசி ரூம்ல உக்காந்திருக்கக் கூடாது, சேத்துல நிக்கணும்" என்பது அவர் போட்ட சட்டம். எந்தப் பாகத்தை யார் வயலில் இறக்கி ஓட்டிப் பார்த்தார்களோ, அந்த விவசாயியின் பெயரைத்தான் அங்கே எழுதுவார்கள். பக்கத்திலேயே செல் நம்பரும் இருக்கும், சந்தேகம் வந்தால் கூப்பிட வசதியாக. இப்படி முப்பத்தெட்டு விவசாயிகள். நாலு வருஷத்துப் பழக்கம், யார் கண்ணுக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

தஹ்மீனா 'சரிபார்த்தவர்' என்பதிலிருந்து அந்தப் பக்கத்து 'ஒப்புதல் தருபவர்' கட்டத்துக்குக் கோடு இழுத்தாள். செல் நம்பரிலிருந்து 'தகவல் அனுப்பும் எண்'ணுக்கு இன்னொரு கோடு. மூன்று போல்ட்டுகளை ஏற்றிச் சோதித்தும் பார்த்தாள். போல்ட்டை எந்த விவசாயி சரிபார்ப்பார்? அதற்கு அவள் பெயரே இருந்தது, செய்தி அவள் போனுக்கே வந்தது. எவ்வளவு அழகாக வருகிறது என்று பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பில்தான் மொத்தத்துக்கும் பட்டனை அமுக்கினாள்.

பதினொன்றே இருபதுக்குப் போன் அடித்தது. குத்தாலத்திலிருந்து வீரையன், ஒன்பது ஏக்கர்க்காரர்.

"என்னம்மா, எங்கிட்டப் போயி ஒப்புதல் கேட்டுருக்கீங்க?"

"என்ன ஒப்புதல் வீரையண்ணே?"

"மெசேஜ் வந்துருக்கே. 'மதிப்பிற்குரிய கு. வீரையன் அவர்களுக்கு, மிதவைத் தட்டு தங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. படத்தைப் பார்த்து ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் எனத் தெரிவிக்கவும். காரணம் எழுதவும்.' ஏம்மா, எம் பேருக்கு முன்னாடி மதிப்பிற்குரியன்னு என் கல்யாணப் பத்திரிகைல கூடப் போடல. மாமியார் வீட்டுக்கு அனுப்பி விட்டுட்டேன்."

அந்தச் செய்தியைத் தமிழில் உட்கார்ந்து எழுதியவள் தஹ்மீனாதான். ஷெட்டில் இருப்பவர்களுக்குப் புரியட்டும் என்று மரியாதை குறையாமல் எழுதியிருந்தாள். இப்போது அந்த மரியாதை இருநூற்றெட்டு செய்திகளாக மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. "அண்ணே, ஒரு நிமிஷம் எதையும் அமுக்காதீங்க" என்றாள்.

"அமுக்கிட்டேனே. ஏற்கிறேன்னு போட்டுட்டேன். காரணம்னு கேட்டுச்சு, 'நல்ல மனிதர்கள்'னு எழுதிருக்கேன்."

சிங்காரவேலுவிடம் ஓடினாள். ரத்து செய்துவிட்டு மறுபடி ஏற்றலாம், ஆனால் இருநூற்றெட்டு ஜாதகத்திலும் 'ரத்து' என்று சிவப்பு விழும், அதை அழிக்க முடியாது, நாளைக்கு அந்த ஆள் முதலில் பார்ப்பதே அந்தச் சிவப்பைத்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் எதிர்பார்த்த மாதிரி அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவங்கதானேம்மா சரிபாத்தாங்க?"

"ஆமா சார்."

"அப்ப அவங்களே சரின்னு சொல்லட்டும். இதுல தப்பு எங்க இருக்கு?"

அதைக் கேட்டதும் தஹ்மீனாவுக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை. பயத்தில் வந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

அன்று பகல் முழுக்கத் திருவிழாதான். திரையில் பாகங்கள் வரிசையாக மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறின. காரணம் எழுதாமல் அந்தச் சாஃப்ட்வேர் விடாது என்பதால் ஆளுக்கு ஒன்று எழுதித் தள்ளினார்கள். 'சரி.' 'நன்று.' 'சிங்காரவேலு அண்ணன் சொன்னால் சரிதான்.' ஒருவர், 'என் மகன் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை, இருந்தாலும் ஏற்கிறேன்' என்று எழுதினார். சிங்காரவேலு தலையைச் சொறிந்துகொண்டார். சங்கிலி மூடியைச் சரிபார்த்த ஆஸிம் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறார், சாப்பாட்டு இடைவேளையில் அங்கிருந்தே ஏற்றுக்கொண்டார். 'இங்கே நாற்பத்தாறு டிகிரி. படத்தைப் பார்த்ததும் நம்மூர்ச் சேறு ஞாபகம் வந்தது, அதுவே குளிர்ச்சி' என்பது அவர் காரணம். திருப்பனந்தாளில் ஹார்டுவேர் கடை வைத்துக்கொண்டு ஏழு ஏக்கர் குத்தகைக்கு ஓட்டும் காதர் மைதீன், கடைக்கு வந்த ஐந்து பேரை உட்கார வைத்து, போனில் பாகத்தை விரலால் திருப்பித் திருப்பிக் காட்டி, ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அமுக்கினார்.

சாயங்காலம் கிளம்பும்போது நூற்றுத் தொண்ணூற்றாறு பச்சை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருநூற்றுப் பத்து. சிங்காரவேலு ஷெட்டுக்கே அல்வாவும் காராசேவும் வாங்கிவரச் சொன்னார். தஹ்மீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையில் அல்வாவோடு வெல்டிங் மேடையைச் சுற்றி இரண்டு எட்டு ஆடியும் விட்டாள். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

பத்து நாற்பதுக்கு ஒரே ஒரு வரி சிவப்பானது.

பாகம் நூற்று முப்பத்தேழு, நடவு விரல். நாற்றைக் கிள்ளி எடுத்துச் சேற்றில் ஊன்றுகிற இரும்புத் துண்டு அது, மெஷினுக்கு ஆறு. மற்றதெல்லாம் எந்த ஊரிலும் செய்யலாம், மெஷினின் உயிர் அந்த விரலில்தான். திரையில் இப்படி இருந்தது: 'மறுக்கிறேன். காரணம்: இது என் வயலில் ஓடிய விரல் இல்லை. மு. கமலாம்பாள்.'

கமலாம்பாள் பூதலூருக்கு நாலு கிலோமீட்டரில் வாய்க்கால் தலைமாட்டில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயது, கணவர் ரயில்வேயில், விவசாயம் முழுக்க இவள்தான். ஸ்கூட்டியில் யூரியா மூட்டை ஏற்றிக்கொண்டு போவாள், எதிரே லாரி வந்தாலும் ஒதுங்க மாட்டாள். தஹ்மீனாவுக்கும் அவளுக்கும் நாலு வருஷச் சண்டை, நாலு வருஷச் சிநேகிதம். தஹ்மீனா உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, என்னக்கா பண்ணிட்டீங்க? அது அதே விரல்தான்."

"இல்லடி. நுனி நேரா இருக்கு."

"நுனி வளைஞ்சிருக்குக்கா. நீங்க சொல்லித்தானே மூணு மில்லிமீட்டர் வளைச்சேன்."

"நான் சொல்லித்தான் வளைச்ச. அதான் எனக்குத் தெரியுது. மோட்டார் கொட்டகச் சாவில வளைஞ்ச விரல் ஒண்ணு கோத்து வச்சிருக்கேன்ல, அதப் போன் மேல வச்சுப் பாத்துட்டேன். படத்துல இருக்குறது பழசு. அது நட்டா வேரு அறுந்துடும். போன வருஷம் சம்பாவுல அரை மா நெலத்துப் பயிரு அப்படித்தான் மஞ்சளாப் போச்சு, மறந்துட்டியா?"

"அக்கா, மூணு மணிக்கு ஆளு வர்றாங்க. நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதா? ஏற்கிறேன்னு மாத்தி அமுக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரியாமத்தான் சிவப்பு போட்டேனா? போய்ப் பாரு. குறுவை நடவு ஓடுது எனக்கு, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். தஹ்மீனா கோபத்தோடு தன் படத்தைத் திறந்தாள். நுனி வளைந்திருந்தது, அழகாக. பார்த்தீர்களா என்று யாருமில்லாத அறையில் கையை விரித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பி.எல்.எம்.முக்குள் போன விரலைத் திறந்தாள்.

நேராக இருந்தது.

தஹ்மீனாவுக்கு ஒரு கெட்ட பழக்கம், பழைய வடிவத்தைத் தூக்கிப் போட மனசு வராது. ஒரே படத்துக்குள் பழசையும் வைத்திருப்பாள், அதன் கீழே புதுசையும் வைத்திருப்பாள். வரையும் சாஃப்ட்வேர் அதை அனுமதிக்கும், அவளுக்கும் எது நடப்பில் இருக்கிறது என்று தெரியும். பாலத்துக்குத் தெரியாதே. அது மேலே முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோதித்துப் பார்த்த போல்ட்டுகளுக்கு ஒரே வடிவம்தான், அதனால் அப்போது தெரியவில்லை. எண்ணிப் பார்த்தாள். விரலோடு சேர்த்து இப்படிப் பதினேழு பாகங்கள் பழைய வடிவத்தில் ஏறியிருந்தன. அதில் பதினாறு பச்சை. மதிப்பிற்குரியவர்கள் ஏற்றுக்கொண்ட பச்சை.

அப்படியே விட்டிருந்தால் கோயம்புத்தூரில் இருநூறு மெஷின், ஆயிரத்து இருநூறு விரல், அத்தனையும் வேரை அறுக்கும். அவள் பெயரில் அறுக்கும். ஐந்து நிமிஷம் முன்பு கமலாம்பாளை மாற்றி அமுக்கச் சொன்னோமே என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

பாலத்தைத் திருத்தினாள். நடப்பில் உள்ள வடிவத்தை மட்டும் எடு என்று அதற்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டரைக்குப் பதினேழும் இரண்டாம் பதிப்பாக மறுபடி ஏறின. மறுபடி மஞ்சள். ஒன்பது விவசாயிகள் மறுபடி சரி என்று சொல்ல வேண்டும், கையில் இரண்டரை மணி நேரம்.

"நேத்துதானேம்மா சரின்னேன்" என்றார் வீரையன்.

"நேத்து வந்தது பழைய தட்டு அண்ணே."

"அப்ப நான் சரின்னது?"

"தப்புக்குச் சரின்னுட்டீங்க."

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. மறுக்கிறேன்னு போட்டா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார்.

காதர் மைதீனைக் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். "கீழ மறுக்கிறேன்னு ஒரு பட்டன் இருந்துச்சும்மா. அத அமுக்கி ஒரு பொம்பளப் புள்ள மனசப் புண்படுத்தணுமான்னு அஞ்சு பேருமே சொன்னாங்க. உறவு முக்கியம் பாருங்க."

தஹ்மீனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மொய் எழுதுகிற மாதிரி அல்லவா எழுதியிருக்கிறார்கள் எல்லாரும். அவள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். "இந்தத் தடவ மரியாதைக்கு அமுக்காதீங்க. மெஷின் பக்கத்துல போயி நின்னு, படத்தையும் பாகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இல்லைன்னா இல்லைன்னு போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், சத்தியமா."

அனுமதி கொடுத்ததுதான் தாமதம், வீரையன் புகுந்து விளையாடிவிட்டார். ஒன்றே காலுக்கு அவர் தட்டு, மெஷினைச் சேற்றில் மூழ்காமல் மிதக்க வைக்கிற அந்தத் தட்டு, சிவப்பானது. 'மறுக்கிறேன். காரணம்: மூக்கு இன்னும் ஒரு விரற்கடை தூக்க வேண்டும். முன்னால் மண் குமிகிறது. இரண்டு போகமாக நானே சுத்தியலால் தட்டி வளைத்துத்தான் ஓட்டுகிறேன்.' இரண்டு போகமாகவா என்று தஹ்மீனா போனில் அலறினாள். "சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு..." என்று ஆரம்பித்தார். அவர் தட்டி வளைத்த தட்டை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லி, அந்த அளவிலேயே வரைந்து, மூன்றாம் பதிப்பாக ஏற்றினாள், இந்தத் தடவை அவர் ஏற்றுக்கொண்டார். தஹ்மீனா முகத்தில் வந்த சிரிப்பு மட்டும் போகவில்லை. யோசித்துப் பாருங்கள், நாலு வருஷத்தில் முதல்முறையாக, கமலாம்பாளைத் தவிர இன்னொருவரும் அவள் மெஷினைப் பற்றி அவளிடம் உண்மையைச் சொல்கிறார்.

இரண்டரைக்கு இருநூற்றுப் பத்து பச்சை, ஒரு மஞ்சள். நூற்று முப்பத்தேழு. கமலாம்பாள் போனை எடுக்கவில்லை. பதினொரு தடவை அடித்தும் எடுக்கவில்லை.

"நடவுல இருப்பா. போன் கொட்டகைல கெடக்கும்" என்றார் சிங்காரவேலு. "ஏறும்மா வண்டில."

புல்லட்டின் பின்னால் தஹ்மீனா, மடியில் லேப்டாப், அதன் மேல் அவள் துப்பட்டா. சாலையை ஒட்டி வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மேட்டூர் அணை திறந்து மூன்று வாரம் ஆகிறது. வரப்பில் இறங்கும்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து. நாலாவது வயலில் கமலாம்பாள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக மெஷினின் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். தஹ்மீனா கையை ஆட்டிக்கொண்டே வரப்பில் ஓடினாள். வரப்பு அன்றைக்குத்தான் மண் அணைத்தது. ஓடுவதற்கு அது இடமா? வலது கால் வழுக்கி, இடது கால் அதைத் தேடிப் போய், இரண்டும் முழங்கால் வரை சேற்றில் இறங்கின. லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்த நேரம் பார்த்து அது கூப்பிட்டது. கோயம்புத்தூர் ஆட்கள் நேரம் தவற மாட்டார்கள்.

"வணக்கம் மேடம், சூர்யபிரகாஷ் பேசறேன்" என்றது திரை. ஏசி அறை, வெள்ளைச் சட்டை. "நீங்க எங்கே இருக்கீங்க?"

"சரிபாக்குற இடத்துல இருக்கேன் சார்."

"உங்க லிஸ்ட் எனக்குத் திறந்திருக்குது. இருநூத்திப் பத்துதான் பச்சை. ஒண்ணு நிக்குதே?"

"ரெண்டு நிமிஷம் சார்."

கமலாம்பாள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். தஹ்மீனா நின்ற கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நேரா இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சுக்கா. நான்தான் தப்பு. மன்னிச்சுக்கங்க. இப்பப் பாருங்க."

சிங்காரவேலு கொட்டகையிலிருந்து போனையும் சாவிக்கொத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். கமலாம்பாள் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். புதிய படத்தைத் திறந்து, பெரிதாக்கி, சாவிக்கொத்தில் தொங்கிய விரலைத் திரைமேல் வைத்தாள். திருப்பி வைத்தாள். நகத்தால் நுனியின் வளைவைத் தடவிப் பார்த்தாள். மூன்று மணி இரண்டு நிமிஷம்.

"அக்கா."

"இரு. அவசரப்படாத." மறுபடி ஒரு தடவை திருப்பினாள். பிறகு அமுக்கினாள். காரணம் கேட்டது. ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள். அதற்கே இன்னொரு நிமிஷம் போயிற்று.

கோயம்புத்தூரில் அந்த ஒரு மஞ்சளும் பச்சையானது. சூர்யபிரகாஷ் அதை வாய்விட்டுப் படித்தார். "நடவு விரல், இரண்டாம் பதிப்பு. ஏற்கிறேன். காரணம், வேர் அறாது." நிறுத்தினார். "இதே அம்மா காலையில மறுத்திருக்காங்களே, முதல் சிவப்பு இதுதான். இவங்க உங்க கம்பெனியில என்னவா இருக்காங்க? என்ன படிச்சிருக்காங்க?"

"நாலு ஏக்கர் சார்" என்று தஹ்மீனா வாயிலிருந்து வந்துவிட்டது.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது. 'சரிபார்த்தவர்' என்றால் அங்கே யார், செய்தி யாருக்கெல்லாம் போனது, பாலம் எதைத் தூக்கிக்கொண்டு போனது, கமலாம்பாள் சாவிக்கொத்தால் அதை எப்படிப் பிடித்தாள், அவளையே மாற்றி அமுக்கச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சேற்றில் நின்றபடி கொட்டிவிட்டாள். சிங்காரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திரையில் அந்த மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த அம்மாகிட்டப் பேசலாமா?"

கமலாம்பாள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"நேத்து எல்லாரும் சரின்னிருக்காங்க. முதல்ல மறுத்தது நீங்கதான். இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க. சங்கடமா இல்லீங்களா?"

"சங்கடந்தான். ஆனா நாத்தும் தெரிஞ்சதுதானே சார்."

அவர் சிரித்தார். "மேடம், எங்ககிட்ட எட்டாயிரம் பாகம் இருக்குது. எட்டாயிரமும் பச்சை. யார் பார்த்தாங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சிவப்பு ரெண்டையும் எங்க ஆளுங்களுக்குக் காட்டப் போறேன். இருநூறுக்கும் நாளைக்கே வேலையை ஆரம்பிக்கச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு, அந்த 'சரிபார்த்தவர்' கோட்டை மட்டும் மாத்திடாதீங்க. நாங்க இங்க ஒரு போல்ட்டை மாத்தினாலும் இவங்களுக்கெல்லாம் மெசேஜ் போகணும்."

"அஞ்சு மணிக்கு மேல அனுப்பச் சொல்லுடி" என்றாள் கமலாம்பாள். "பகல்ல வேலை இருக்கு." சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மெஷினைக் கிளப்பினாள்.

தஹ்மீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வந்தன. லேப்டாப்பை சிங்காரவேலு கையில் கொடுத்தாள். அவள் மெஷின் பிழைத்துவிட்டது. அவளுக்கு உடனே எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு எட்டு வைத்து, செருப்பில் ஒன்றைச் சேற்றுக்குள் விட்டுவிட்டு, சற்று முன் மெஷின் நட்டுப் போன வரிசையில் ஒரு நாற்றைப் பிடுங்கினாள். தண்ணீரில் அலசினாள். வெள்ளை வெளேரென்று வேர் அத்தனையும் இருந்தது, ஒன்றுகூட அறவில்லை. அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், நட்டதப் பிடுங்காத" என்று வயலின் அந்தக் கோடியிலிருந்து கமலாம்பாள் சத்தம் போட்டாள். "திரும்ப நட்டுட்டு ஏறு."

தஹ்மீனா குனிந்து, மூன்று விரலால் வேரைப் பிடித்து, அதே இடத்தில் நட்டாள்.